விக்கி நடந்த தூரம்

"டாக்டரம்மா, இம்புட்டுக்காணு நாய்க்கு ஒரு நாளைக்கு எம்புட்டுத் தூரம் நடை தாங்கும்?"

கல்யாணசுந்தரி இப்படிக் கேட்டதும் டாக்டர் பெனாசிர் காதிலிருந்த குழாயைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். காரைக்குடி மாட்டு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் கன்று ஏன் மடியில் வாய் வைக்கவில்லை, ஆட்டுக்கு ஏன் வயிறு ஊதிக்கிடக்கிறது, கோழி ஏன் தூங்கி வழிகிறது என்றுதான் கேட்பார்கள். நடையைப் பற்றி யாரும் கேட்டு அவளுக்குப் பழக்கமில்லை.

மேசை மேல் விக்கி உட்கார்ந்திருந்தான். வெள்ளைச் சடை, நரி மூஞ்சி, ஆளின் முழங்காலுக்குக்கூட எட்டாத உயரம். வயசு எட்டைத் தாண்டிவிட்டது. கடிக்கத் தெரியாது. குரைப்பான், அதுவும் பால்காரன் வண்டிச் சத்தம் கேட்டால் மட்டும்.

"எதுக்கும்மா கேக்குறீக? எங்க நடத்திக் கூட்டிட்டுப் போகப் போறீக?"

"பள்ளத்தூர்லருந்து பிள்ளையார்பட்டிக்கு."

வெளியே யாரோ கட்டிப்போட்டிருந்த ஆடு கத்தியது. பெனாசிர் விக்கியைப் பார்த்தாள், கல்யாணசுந்தரியைப் பார்த்தாள், கதவோரம் ஒன்றும் தெரியாதவர்போல் நின்ற அவள் புருஷன் கருத்தையாவைப் பார்த்தாள்.

"நீங்க நடப்பீக. இவனைத் தூக்கிட்டுப் போவீக. அப்படித்தானே?"

"தூக்கிட்டுப் போனா அது நான் நடந்த கணக்காயிருமே. நேந்துக்கிட்டது இவனைத்தானே. இவன் காலுதான் நடக்கணும்."

நடந்தது இதுதான். கல்யாணசுந்தரிக்கும் கருத்தையாவுக்கும் ஒரே மகள், துர்காதேவி. திருச்சியில் உதயகுமாருக்குக் கட்டிக்கொடுத்து ஒன்பது வருஷம் ஓடிவிட்டது, வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. மருந்து, ஊசி, மதுரை ஆஸ்பத்திரி, ஊரார் வாய் எல்லாம் பார்த்தாகிவிட்டது. மாப்பிள்ளை ஆபீசுக்குப் போனபின் ஒத்தையில் கிடந்த பிள்ளை, ஒரு சடை நாய்க்குட்டியை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். அதுதான் விக்கி. பால் ஊற்றி, பவுடர் பூசி, பிறந்தநாளுக்குக் கேசரி கிண்டி, தலைப்பிள்ளையாகவே வளர்த்தாள்.

இந்தப் பக்கம் கல்யாணசுந்தரி போகாத கோயிலில்லை. மொட்டை, தொட்டில், பால்குடம், மாவிளக்கு என்று நேர்ந்துகொண்டதையெல்லாம் செய்து முடித்தும் சாமிகள் அசையவில்லை. போன வருஷம் ஒரு சதுர்த்தியன்று பிள்ளையார்பட்டியில், பாறையின் குளிர்ச்சியும் விளக்கெண்ணெய் வாசமும் சேர்ந்து கண்ணைச் சொக்கவைத்த நேரத்தில், அவள் வாயிலிருந்து தானாக வந்துவிழுந்தது. "அப்பனே, அவளுக்கு ஒண்ணு நிக்கட்டும். தலைப்பிள்ளைன்னு வளக்குறாளே விக்கி, அவனை எங்க வீட்டு வாசல்லருந்து உன் வாசலுக்கு நடத்திக் கூட்டியாறேன். பிள்ளை பொறக்க முந்தி கூட்டியாந்துர்றேன்."

பிள்ளையாருக்கும் அது புதுசாக இருந்திருக்கும் போல. அடுத்த மாசமே துர்காவுக்குத் தள்ளிப்போனது.

இப்போது வளைகாப்பு முடிந்து, முதல் பிரசவத்துக்கு மகள் பள்ளத்தூர் வந்துவிட்டாள். கூடவே விக்கியும் வந்துவிட்டான். வந்தவன் ஒரு வறட்டு இருமலையும் கொண்டுவந்திருந்தான். அதைக் காட்டத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள்.

பெனாசிர் சிரிக்கவில்லை. அதற்காகவே கல்யாணசுந்தரிக்கு அவளைப் பிடித்துப்போனது.

"இருதயம் கொஞ்சம் பெருத்திருக்கும்மா. அதான் இருமுறான். மாத்திரை தாரேன், நல்லாயிருப்பான். நடக்க வேணாம்னு சொல்லலை. நடக்காமக் கெடந்தா உடம்பு வச்சு அது வேற வம்பு. ஆனா அவன் அளவுக்குத்தான் நடக்கணும். நாம ஒரு எட்டு வச்சா அவன் நாலஞ்சு எட்டு வச்சு ஓடியாரணும், நெனச்சுப் பாருங்க. காலையில ஒரு கால் மணி நேரம், சாயந்தரம் ஒரு கால் மணி நேரம், அம்புட்டுத்தான். வெயில் ஏறுறதுக்குள்ள முடிச்சுருங்க. தார் ரோட்டுல உங்க புறங்கையை வச்சுப் பாருங்க, உங்களுக்குச் சுட்டா அவனுக்கும் சுடும்."

"உக்காந்துட்டான்னா?"

"உக்காந்துட்டா அன்னைக்கு அம்புட்டுத்தான்னு அர்த்தம். இழுக்கப்படாது. நாக்கைப் பாத்துக்கிட்டே இருங்க. ரோஸா இருந்தா நல்லது. கருநீலம் பாஞ்சுச்சுன்னா உசுருக்கே மோசம். ஒரேயடியா நடத்துனீகன்னா கோட்டையூர்கூடத் தாண்ட மாட்டான்மா."

வண்டியில் திரும்பி வரும்போது டிவிஎஸ்ஸின் முன்பக்கம் சாக்கு விரித்து விக்கி நின்றுகொண்டு வந்தான். காற்றில் அவன் சடை பின்னால் பறந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த கல்யாணசுந்தரி மாத்திரைப் பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொண்டாள். ஒன்பது வருஷம் பட்டது போதாதென்று இதையும் சேர்த்து நம் தலையில் நாமே வாரிப் போட்டுக்கொண்டோமே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

வீட்டில் இடியாப்பமும் கத்தரிக்காய் கோசமல்லியும் செய்திருந்தாள் துர்கா. தட்டில் கை வைத்தபடியே கருத்தையா எல்லாவற்றையும் உளறிவிட்டார். அதுவரை மகளுக்கு அந்த நேர்த்திக்கடன் தெரியாது.

"எவளாச்சும் நாய் நடக்கும்னு நேந்துக்கிருவாளாம்மா? நீ நடக்குறேன்னு சொல்லியிருக்கலாம்ல, அப்பா நடக்குறாருன்னு சொல்லியிருக்கலாம்ல!"

"நாங்க நடக்காத நடையா? பழனிக்கு நடந்தோம், குன்றக்குடிக்கு நடந்தோம். ஒண்ணும் வேகலையே. அரும்பொருளாக் குடுத்தாத்தான் சாமி திரும்பிப் பாக்கும்னு நெனச்சேன். நம்ம வீட்டுல அவனைவிட அரும்பொருளு என்னத்தா இருக்கு?"

"ஆமா, அரும்பொருளு! என் பிள்ளை வரணும்னு என் பிள்ளையைக் கொல்லுவியா?"

"ஆத்தி! வாயும் வயிறுமா இருக்கவ பேசுற பேச்சா இது? வாயைக் கழுவு மொதல்ல."

"கழுவ மாட்டேன். அவன் இருமுறதை நீயும்தானே கேக்குற? அவனை ரோட்டுல இறக்கி நடத்துனேன்னு வையி, நான் இன்னைக்கே திருச்சிக்கு வண்டி ஏறிருவேன்."

கல்யாணசுந்தரி அழுதுவிட்டாள். அழுகிற பிறவி இல்லை அவள். வீட்டோடு கிரைண்டர் போட்டு இட்லி மாவு ஆட்டி, பள்ளத்தூர் கடைகளுக்கெல்லாம் பாக்கெட் போடுகிறவள். அரிசி மூட்டையைத் தனியாளாக இழுப்பவள். அவள் முந்தானையால் மூக்கைச் சிந்தியதும் வீடே அரண்டுபோயிற்று.

"உனக்கு வெளையாட்டாத் தெரியுது துர்கா. பக்கத்துத் தெரு ராக்காயி கருப்பருக்கு மணி கட்டுறேன்னு நேந்துக்கிட்டு மறந்துபோனா. பேரன் பொறந்து மூச்சு விடவே அம்புட்டு நேரம் ஆச்சு. நான் கண்ணாலே பாத்தவ. வெளிய சொல்லலையே ஒழிய, ராத்திரி உன் பிள்ளை அசையுதா அசையுதான்னு நீ தூங்குனப்பறம் உன் வயித்தைத் தொட்டுத் தொட்டுப் பாக்குறேன். குடுத்த வாக்கை மீறவும் பயமாருக்கு, அவனை நடத்தவும் பயமாருக்கு. நான் எங்குட்டுத்தான் போவேன்?"

விக்கி இருவருக்கும் நடுவில் வந்து நின்று யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் வாலை ஆட்டினான்.

கருத்தையா இடியாப்பத்தை முடித்துக் கை கழுவி வந்து உட்கார்ந்தார். அவருக்குக் கண்மாய்க்குக் கீழே கொஞ்சம் வயல். அறுப்பு முடிந்து வைக்கோல்கூட வீடு வந்துவிட்டதால், யோசிக்க அவருக்கு நேரம் நிறைய இருந்தது.

"ஏன் கல்யாணி, நம்ம வயலை ஒரே நாள்லயா அறுத்தோம்?"

"இப்ப எதுக்கு வயலு?"

"கேளு. பொழுது சாஞ்சா அறுக்குறவுக என்ன செய்யுறாக? நின்ன எடத்துல ஒரு நெல்லுக் குத்தை அடையாளத்துக்கு முடிஞ்சுவிட்டுட்டுக் கரையேறிர்றாக. மறுநா வந்து அந்தக் குத்துலருந்து தொட்டு அறுக்குறாக. இன்னிக்கு ஒரு வயலு, நேத்து ஒரு வயலுன்னா சொல்றோம்? ஒரே அறுப்புத்தானே? அதுமாதிரி, தெனம் டாக்டரம்மா சொன்ன மட்டும் அவன் நடக்கட்டும். நின்ன எடத்துல ஒரு மஞ்சத் துணியைக் கட்டிட்டு வண்டியில ஏத்திக் கூட்டியாருவோம். மறுநா அதே எடத்துல இறக்கிவிடுவோம். ஒரு எட்டு விடாம அவன் காலே நடந்திருக்கும்ல?"

கல்யாணசுந்தரி முந்தானையை இறக்கினாள். "சாமி ஒத்துக்கிருமா?"

"இத்தனை நாள்ல வரணும்னு சொன்னியா?"

"பிள்ளை பொறக்க முந்தின்னுதான் சொன்னேன்."

"அப்பறம் என்ன?"

இருவரும் மகளைப் பார்த்தார்கள். துர்கா விக்கியின் காதைத் தடவிவிட்டாள். "அவன் உக்காந்தா நீங்களும் உக்காரணும்," என்றாள். "சத்தியம் பண்ணும்மா."

கல்யாணசுந்தரி மகளின் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

மாசி பிறந்த வாரத்தில் நடை தொடங்கியது. விடிவதற்கு முன்பே எழுந்து மாவை ஆட்டி, பாக்கெட் கட்டி, கிரைண்டரைக் கழுவி முடிக்கும்போது கிழக்கு வெளுத்திருக்கும். மஞ்சள் சேலை கட்டிக்கொள்வாள். காலில் செருப்பு கிடையாது. நேர்த்தி முடிகிறவரை வீட்டில் கவுச்சியும் கிடையாது என்று சொல்லிவிட்டாள். நாயை நேர்ந்துகொண்டதற்கு என் நாக்கை ஏன் கட்டினாய் என்று கருத்தையா கருவாட்டை நினைத்து நினைத்துப் புலம்பினார்.

முதல் நாள் விக்கி தன் தெருவைத் தாண்டவே கால் மணி நேரம் ஆயிற்று. பெரிய வீடுகளின் நீண்ட மதில்களை ஒன்றுவிடாமல் மோந்துபார்த்தான். ஒவ்வொரு தூணுக்கும் காலைத் தூக்கி மரியாதை செய்தான். தெருமுனை வேப்பமரத்தில் அன்றைய நடை முடிந்தது. துணியைக் கட்டிவிட்டு, வண்டிக்கே அவசியமில்லாமல் திரும்பி வந்தார்கள்.

"இந்த வேகத்துல போனா பிள்ளைக்குக் கல்யாணமே ஆயிரும்," என்றார் கருத்தையா.

ஆனால் போகப்போக அவனுக்கு அது பிடித்துவிட்டது. வண்டியிலிருந்து இறக்கிவிட்டதும் மஞ்சள் துணியை ஒருதரம் மோந்துபார்த்து, நேற்று விட்டது இங்கேதான் என்று தலையை ஆட்டுகிறவன் மாதிரி தும்மிவிட்டு நடப்பான். கருத்தையா வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னால் வருவார். பனி ரோட்டின் மேல் இன்னும் கலையாமல் கிடக்கும். தைலமரக் காட்டிலிருந்து ஈர வாசம் வரும். முந்திரி பூத்திருந்தது. தூரத்தில் யாரோ வைக்கோல் பற்றவைத்த புகை எழவும் மாட்டாமல் படியவும் மாட்டாமல் வயல் மேல் தொங்கும். விக்கியின் வால் அந்தப் புகைக்குள் வெள்ளையாக முன்னால் போய்க்கொண்டிருக்கும். கல்யாணசுந்தரிக்குத் தூக்கம் பாதி, விழிப்பு பாதி. தான் நடக்கிறோமா, ரோடுதான் மெதுவாகக் காலுக்கடியில் போகிறதா என்று சில நேரம் அவளுக்குத் தெரியாது. கல்யாணமான நாள் முதல் அவளுக்கு இப்படி ஒரு வேலையுமில்லாத கால் மணி நேரம் வாய்த்ததில்லை. மனசுக்குள் எப்போதும் ஓடிக்கொண்டிருந்த கிரைண்டர்கூட அந்த நேரத்தில் நின்றுபோகும். அவளும் அவள் புருஷனும் அந்த நாய்க்குப் பின்னால் பேசாமல் நடப்பார்கள். சில நாள் பேசுவார்கள், அதுவும் கல்யாணமான புதுசில் பேசியதைப்போல ஒன்றுமில்லாததைப் பற்றி.

"நம்ம ரெண்டு பேரும் இப்படி நடந்து எத்தனை வருசம் இருக்கும்ங்குறீக?"

"நடந்ததே இல்ல. நீ எப்பவும் முன்னாடி ஓடுவ. நான் பின்னாடி வருவேன்."

கோட்டையூர் கடந்தது. கழனிவாசல் வந்தபோது டீக்கடை ஹனிபாவுக்கு விஷயம் எட்டிவிட்டது. விக்கிக்கென்று ஒரு வறுக்கி ரொட்டியை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

"பிள்ளையாருக்கே தவணை கட்டுறீகளாமேக்கா!"

"சிரிக்காத பாய். உங்களுக்கெல்லாம் சிரிப்பா இருக்கு."

"சிரிக்கலக்கா. இவன் நடையைப் பாத்துட்டு நானே காலையில நடக்கலாமான்னு பாக்குறேன். தொப்பையைப் பாருங்க. எம்புட்டு நடக்கணும்னு உங்க டாக்டரம்மாட்ட கேட்டுச் சொல்லுங்க."

"அது நாய்க்கு வைத்தியம் பாக்குற புள்ள."

"பரவால்ல, நானும் நாயாத்தானே ஒழைக்கிறேன்," என்றான் ஹனிபா. கருத்தையா டீயைச் சிந்திவிட்டுச் சிரித்தார்.

சாயந்தரத்து நடை துர்காவுக்கு. அவளையும் நடக்கச் சொல்லியிருந்தார்கள் பிரசவ ஆஸ்பத்திரியில். பள்ளத்தூர் தெருவில் நிறைமாசக்காரியும் நாயும் ஒரே வேகத்தில் போவார்கள். அவளுக்கு மூச்சு வாங்கினால் அவன் நிற்பான், அவன் இருமினால் அவள் நிற்பாள். வாசலில் நின்று பார்க்கும் கல்யாணசுந்தரிக்கு, வெயில் தாழ்ந்த அந்தத் தெருவில் அவர்கள் இருவரும் திரும்பி வருவது கனவில் வருகிற காட்சிபோலத் தோன்றும். இன்னும் கொஞ்ச தூரம்தான், எல்லாம் நல்லபடியாக முடிந்துவிடும் என்று சொல்லிக்கொள்வாள்.

கோவிலூர், பாதரக்குடி என்று மஞ்சள் துணிகள் போய்க்கொண்டேயிருந்தன. பங்குனி பிறந்துவிட்டது. பனி போய், விடிந்ததுமே காற்றில் சூடு வந்தது. குன்றக்குடி மலையைச் சுற்றி ரோடு திரும்பியபோது, மலை மேல் இருக்கிற முருகனிடம் மட்டும், இப்படித் தவணையில் நடப்பது நியாயந்தானா என்று கேட்டுக்கொண்டு போனாள். அவனாவது உலகத்தையே சுற்றியவன், நடையின் அருமை தெரிந்தவன். மகளுக்கு நாள் இன்னும் மூன்று வாரம் இருந்தது. பிள்ளையார்பட்டி எட்டிவிடும் தூரம்தான். நிம்மதியாக மூச்சு விட்டாள்.

அந்தச் சனிக்கிழமை கரண்ட் போய்விட்டது. மாவு பாதியில் நின்றது. கரண்ட் வந்து, ஆட்டி முடித்து, கடைகளுக்குக் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது வெயில் சுள்ளென்று ஏறிவிட்டது. மாப்பிள்ளை உதயகுமார் லீவுக்கு வந்து வீட்டில் இருந்ததால் துர்காவை விட்டுவிட்டு வர யோசிக்கவில்லை. குன்றக்குடி தாண்டி, துணி கட்டியிருந்த புளியமரத்தடியில் விக்கியை இறக்கினார்கள். புறங்கையை ரோட்டில் வைத்துப் பார்த்தாள். லேசாகத்தான் சுட்டது. ஓரத்து மண்ணில் நடக்கவிட்டாள். அவன் அளவுக்கு நடந்து முடித்து, கருத்தையா அடுத்த துணியை எடுத்துக் கிளையில் கட்டப்போனபோது போன் அடித்தது.

உதயகுமார்தான். வீட்டில் பனிக்குடம் உடைந்துவிட்டதாம். பக்கத்து வீட்டுக் காரில் காரைக்குடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட்டானாம். "பிள்ளைக்குத் துடிப்பு கொறையுதுங்குறாக அத்தை. உடனே ஆபரேஷன்னு உள்ள கொண்டு போயிட்டாக." அதோடு லைன் அறுந்துபோயிற்று.

மூன்று வாரம் முந்தி. நேர்த்தி முடிய இன்னும் கொஞ்சம் கிடக்க. கல்யாணசுந்தரிக்கு எல்லாம் புரிந்துபோயிற்று. சாமி பொறுத்துப் பார்த்துவிட்டுக் கணக்கை எடுத்துவிட்டது.

கருத்தையா வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டார். "ஏறு. அவனைத் தூக்கிக்க."

"நீங்க போங்க."

"என்னது?"

"நீங்க போங்கங்குறேன்! நான் இவனைக் கொண்டுபோய்ச் சேத்துட்டு வாரேன். அவ உள்ள கெடக்கா, பிள்ளைக்குத் துடிப்பு கொறையுதாம். இப்பச் சேத்தாத்தான் உண்டு."

"கல்யாணி, இன்னைக்கு அவன் நடை முடிஞ்சுபோச்சு. வெயிலைப் பாரு."

"இன்னைக்கு அளவெல்லாம் கெடையாது. போங்க!"

அவர் அவளையும் நாயையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியைத் திருப்பினார்.

விக்கி வண்டி போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றான். ஏற்றிக்கொள்ள வேண்டிய நேரத்தில் வண்டி தன்னை விட்டுவிட்டுப் போனது அவனுக்குப் புரியவில்லை. "வாடா என் சாமி, வா வா," என்று அவள் கயிற்றைச் சுண்டினாள். அவன் வந்தான்.

கொஞ்ச தூரம் நன்றாகத்தான் நடந்தான். ரோட்டோர மண்ணும் சுட ஆரம்பித்திருந்தது. செருப்பில்லாத அவள் காலுக்கே தெரிந்தது. ஆனால் அவள் கண் முன்னால் ஆபரேஷன் தியேட்டர்தான் நின்றது. பச்சைத் துணி, விளக்கு, அசையாத ஒரு சின்ன உடம்பு. வேண்டாம், வேண்டாம் என்று முணுமுணுத்துக்கொண்டே எட்டிப் போட்டாள். கயிறு இறுகியது. திரும்பிப் பார்த்தாள். விக்கி உட்கார்ந்திருந்தான்.

"எந்திரிடா. இன்னுங் கொஞ்சந்தான். அந்தா பாரு, பாறை தெரியுது."

எழுந்தான். ஒரு வளைவு வந்தது. வளைவு நீண்டுகொண்டே போனது. கார்கள் சர்சர்ரென்று கோயிலுக்குப் போயின. மறுபடி உட்கார்ந்தான். மறுபடி அவள் கயிற்றை இழுத்தாள். கழுத்துச் சடை பட்டைக்குள் மடிந்து, முன்கால் இரண்டும் மண்ணில் கோடு போட்டன. அதற்கும் அவன் உறுமவில்லை. அவள் முகத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, கூப்பிடுவது இவள்தானே என்பதுபோல, எழுந்து நடந்தான். இருமினான், நடந்தான். நாலு எட்டு வைத்தான், பின்கால் மடங்கியது. அப்போதும் வால் ஆடியது.

அந்த வாலைப் பார்த்ததும்தான் கல்யாணசுந்தரி நின்றாள். இவனுக்குப் பிள்ளையாரையும் தெரியாது, நேர்த்தியும் தெரியாது. இந்தப் பாவி கூப்பிடுகிறாள் என்றுதான் இத்தனை நாளும் வந்திருக்கிறான்.

வாயைத் திறந்து பார்த்தாள். நாக்கின் ஓரம் கறுத்து நீலம் பாய்ந்துகொண்டிருந்தது.

"அடியாத்தி, என்ன காரியம் செஞ்சேன்!"

வாரித் தூக்கிக்கொண்டு ஓடினாள். ரோட்டோரம் ஓர் ஆலமரம், அடியில் யாரோ வைத்திருந்த தண்ணீர்ப் பானை. முந்தானையை நனைத்து வயிற்றில் வைத்தாள், பாதத்தில் வைத்தாள், உள்ளங்கையில் தண்ணீர் ஏந்தி உதட்டில் விட்டாள். அவன் மூச்சு வெட்டி வெட்டி வந்தது. அவள் முந்தானையாலேயே விசிறினாள். எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாது. மரத்தின் நிழல், விசிறுகிற கை, அந்த மூச்சு, இவை மட்டும்தான் உலகத்தில் இருந்தன. ரோடு எங்கோ வெயிலில் மிதந்துகொண்டிருந்தது.

கடைசியில் அவன் தண்ணீரை நக்கினான். நாக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ரோஸ் ஏறியது.

மெல்ல எழுந்து நின்று உடம்பை உதறிக்கொண்டான். அவள் விரித்துப் போட்டிருந்த முந்தானையின் மேல் ஏறி, படுக்கப்போகிற நாய்கள் செய்வதைப்போல ஒரு சுற்றுச் சுற்றினான். இன்னொரு சுற்று. இன்னும் ஒன்று. பிறகு சுருண்டு படுத்து, தாடையை அவள் முழங்காலில் வைத்துக்கொண்டான்.

கல்யாணசுந்தரி அதையே பார்த்தாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. தூரத்தில் தெரிந்த பாறைக்குன்றைப் பார்த்துச் சத்தமாகவே பேசினாள்.

"பாத்துக்கிட்டியா? உலகத்தைச் சுத்திட்டு வாடான்னதுக்கு ஆத்தா அப்பனைச் சுத்திட்டுப் பழத்தை வாங்கிக்கிட்ட ஆளுதானே நீ? உனக்கு ஒரு ஞாயம், என் பிள்ளைக்கு ஒரு ஞாயமா? அவனும் சுத்திட்டான், எண்ணிக்க. இதுக்கு மேல ஒரு எட்டு நடக்க மாட்டான். பத்தலைன்னா மிச்சத்துக்கு நீ எந்திரிச்சு வா. என்னை என்ன வேணாலும் செய்யி. அந்தப் பச்ச மண்ணை ஒண்ணும் செஞ்சுறாத."

சொல்லிவிட்டு மடியில் கிடந்த தலையைத் தடவினாள். பயம் போய்விடவில்லை. ஆனால் கயிற்றைக் கழற்றிவிட்டாள்.

போன் அடித்தது. கருத்தையாதான்.

"பொம்பளப் பிள்ளை கல்யாணி!" அவர் அழுதார். "ரெண்டு உசுரும் நல்லாருக்கு. மூக்கு உன் மூக்கு. என்னா கத்து கத்துதுங்குற!"

"எப்பங்க பொறந்துச்சு?"

"நான் வந்து வண்டிய நிப்பாட்டுறேன், மாப்பிள்ளை ஓடியாந்து சொல்றாரு. அது ஆச்சு அரை மணி நேரத்துக்கு மேல. அப்பப் புடிச்சு உனக்கு அடிக்கிறேன், லைனே கெடைக்கல."

அரை மணி நேரம். அப்படியானால் அவள் அந்த வளைவில் இவனை இழுத்துக்கொண்டிருந்தபோதே பிள்ளை பிறந்துவிட்டது. பிறந்து, அழுது, குளித்துத் துணியில் சுற்றிக்கொண்டு படுத்துவிட்டது. அதற்குப் பிறகும் இவன் நடந்திருக்கிறான். யாருக்காக? கல்யாணசுந்தரி குனிந்து அவன் பாதத்தைத் திருப்பிப் பார்த்தாள். சுட்டுச் சிவந்திருந்த அந்தச் சின்ன மெத்தையில் தன் கன்னத்தை வைத்துக்கொண்டாள்.

"இருக்கியா? துர்கா கண் முழிச்சுட்டா. விக்கி எங்கன்னுதான் மொதல்ல கேட்டா. கொண்டுபோய்ச் சேத்துட்டியா?"

"இல்ல."

"அப்ப நேர்த்தி?"

"அது அம்புட்டுத்தாங்க. முடிஞ்சுபோச்சு."

"சரி, நான் வண்டிய எடுத்துட்டு வாரேன். எங்க நிக்கிற? பேத்தியைப் பாக்க வேணாமா? வெரசா வா."

கல்யாணசுந்தரி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மெதுவா வாங்க. அவன் இப்பத்தான் கண் அசந்திருக்கான். எந்திரிக்கட்டும்."